வீட்டை இழந்தது யார் குற்றம்?

சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் மாதம் 750 பவுண்டு. மின்சாரம் 80. எரிவாயு 100. துணிமணி, செருப்பு 50. பள்ளிச் சாப்பாடு 43. பயணம் 108. தொலைபேசி 20. மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு 40. இவற்றோடு தொலைக்காட்சி உரிமக் கட்டணம். நான்கு குழந்தைகளை வளர்த்த ஒரு தாய் பர்மிங்ஹாம் கவுன்சிலிடம் கொடுத்த செலவுக் கணக்கு இது. வாடகையைச் சேர்க்காமல் மொத்தம் 1,234.99 பவுண்டு.

அவர் வாழ்ந்தது அரசு உதவித்தொகையில். வாடகை மாதம் 700. வாடகைக்கென்று அரசு தந்தது 548.51. மீதி 151.49 பவுண்டை, வயிற்றுக்கும் துணிக்கும் வந்த மற்ற உதவிப் பணத்திலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை, பாக்கி ஏறியது. 2011 ஜூலையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. குழந்தைகளோடு கவுன்சிலிடம் போனவருக்குக் கிடைத்த பதில்: நீங்கள் வேண்டுமென்றே வீட்டை இழந்தவர், உங்களுக்கு நிரந்தர வீடு தேடித் தரும் கடமை எங்களுக்கு இல்லை. வாரத்துக்கு ஏறத்தாழ 35 பவுண்டு பற்றாக்குறையை மற்றச் செலவுகளைச் சுருக்கிச் சமாளித்திருக்கலாம் என்பது அதிகாரிகளின் வாதம்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். வாடகை உதவியைத் தவிர அவருக்கு வந்தது மாதம் 1,349.33 பவுண்டு. செலவு போக மிஞ்சுவது 114.34. வேண்டியதோ 151.49. ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்தியிருந்தால் மயிரிழையில் ஈடு கட்டியிருக்கலாம், அதுவும் ஒரு குழந்தைக்குக் கூடக் காய்ச்சல் வராத, ஒரு சப்பாத்துக் கூடக் கிழியாத மாதத்தில். கவுன்சிலின் முடிவை எதிர்த்து அவர் போட்ட வழக்கு படிப்படியாக ஏறி, 2019 ஜூனில்தான் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பை எழுதிய கார்ன்வத் பிரபு கவுன்சிலின் முடிவை ரத்து செய்தார். எப்படியாவது இழுத்துப் பிடித்திருக்க முடியுமா என்று கேட்பது தவறு; அந்தக் குடும்பத்தின் நியாயமான வாழ்க்கைச் செலவு எவ்வளவு, அது போக வாடகையைக் கட்ட முடியுமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். உதவித்தொகை என்பது உயிர் வாழத் தேவையான அளவு. அதற்குள் உபரி இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

நோட்டீஸுக்கும் தீர்ப்புக்கும் இடையில் எட்டு ஆண்டுகள். ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும் காலம். ஏழ்மையைத் திமிராகப் படித்த ஒரு கடிதத்தை மாற்ற இத்தனை காலம் ஆகியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்க முடியாததாகத் தெரிகிறது.

‘வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்’ என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? 1966-ல் கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ என்ற தொலைக்காட்சி நாடகம், வீடிழந்து குழந்தைகளையும் பறிகொடுக்கும் ஒரு தாயைக் காட்டிப் பிரிட்டனை உலுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வீடற்றோருக்கான ஷெல்டர் அமைப்பு பிறந்தது. 1977-ல் வைட் தீவின் லிபரல் எம்.பி. ஸ்டீபன் ராஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம்தான், வீடற்றவர்களுக்கு வீடு தருவதைக் கவுன்சிலின் கடமையாக முதன்முறை ஆக்கியது. அப்போதே ஓர் அச்சம் எழுந்தது: இருக்கிற வீட்டை விட்டுவிட்டு, கவுன்சில் வீட்டு வரிசையில் முந்திக்கொள்ள ஆட்கள் வருவார்கள் என்று. அந்த அச்சத்துக்குக் கொடுத்த விலைதான் ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனை. இன்று அது 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 191-ஆம் பிரிவில் இருக்கிறது.

பிரிவு கேட்பது இவற்றைத்தான். தெரிந்தே ஒன்றைச் செய்தாரா, அல்லது செய்யாமல் விட்டாரா? அதனால்தான் வீடு போனதா? அந்த வீடு அவருக்குத் தொடர்ந்து கிடைக்கக்கூடியதாக இருந்ததா? அதில் தொடர்ந்து இருப்பது நியாயமாக இருந்திருக்குமா? எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் அந்த முத்திரையைக் குத்தலாம். அதை விசாரித்து நிறுவ வேண்டியது கவுன்சிலின் பொறுப்பு. தான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று விண்ணப்பதாரர் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உண்மை தெரியாமல், நல்லெண்ணத்தோடு செய்ததை ‘வேண்டுமென்றே’ என்று கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வாடகை உதவி கிடைக்கும் என்பதே தெரியாமல் பாக்கி வைத்தவர் இதில் அடங்குவார். அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்ணைப் பொறுத்தவரை, அந்த வீட்டில் இருப்பது நியாயமே அல்ல என்று சட்டம் தீர்த்துச் சொல்லிவிட்டது. போலீஸ் புகார் இல்லையே என்று அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

லண்டனில் ஹரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வாழும் நம்மவர்களுக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரரும் நம்ம ஆள். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது, வாடகையைக் கையில் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் அவர் வந்து, “தம்பி, இந்த மாதத்தோடை வீட்டை விட்டுத் தாங்கோ, மகனுக்குக் கலியாணம்” என்பார். மனுசர் முகத்தை முறிக்க மனமில்லாமல் நம்மவர் சாவியைக் கொடுத்துவிட்டு, உறவினர் வீட்டு வரவேற்பறையில் பாயை விரிப்பார். இரண்டு மாதம் கழித்துக் கவுன்சிலில் முதல் கேள்வி: எழுத்தில் நோட்டீஸ் வந்ததா? நீதிமன்ற உத்தரவு இருந்ததா? இல்லையென்றால் ஏன் வெளியே வந்தீர்கள்? மரியாதைக்காகச் செய்தது கோப்பில் ‘தானாக வெளியேறினார்’ என்று ஏறிவிடுகிறது. நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்க வழியே இல்லை என்று தெரிந்து முன்கூட்டியே ஒப்படைத்தவரைப் பொதுவாக நல்லெண்ணத்தோடு செய்தவராகவே பார்க்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறி. ஆனாலும் அதை வைத்துப் பிறகு வாதாடுவதைவிட, சாவியைக் கொடுக்கும் முன் ஆலோசனை கேட்பது நல்லது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அரசுச் செலவில் சட்ட ஆலோசனை தரும் சேவை 2023 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது.

முன்கூட்டியே வெளியேறியதற்கு எவ்வளவு கடுமையாகத் தண்டிக்கப்படலாம் என்பதை 1981-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை காட்டியது. வாண்ட்ஸ்வொர்த்தில் வாடகை பாக்கியால் வெளியேற்றம் வரப்போகிறதென்று ஒரு குடும்பம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. சில மாதம் கழித்துக் கவுன்சிலிடம் போனார்கள். அதற்குள் எப்படியும் அவர்களை வெளியேற்றியிருப்பார்கள். இருந்தும், கிளம்பிய நாளில் வீடு இருந்ததே என்று மூன்று நீதிபதிகள் கவுன்சில் பக்கம் நின்றார்கள், இருவர் மறுத்தார்கள். 2015-ல்தான் இந்தக் கடுமை கொஞ்சம் தளர்ந்தது. வால்தம் ஃபாரஸ்ட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண், நாற்றம் தாங்கவில்லை என்று தனியாள் விடுதியிலிருந்து வெளியேறினார். குழந்தை பிறந்த பிறகும் ‘வேண்டுமென்றே’ என்றது கவுன்சில். அந்த விடுதியில் குழந்தையோடு இருக்கவே அனுமதி இல்லை. குழந்தை பிறந்தால் எப்படியும் வீடற்றவராகியிருப்பார். ஆகவே விடுதியை விட்டதற்கும் இன்றைய நிலைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

கவுன்சில் கௌண்டரில் ‘உங்கள் தப்பு, ஒன்றும் செய்ய முடியாது’ என்று திருப்பி அனுப்பினால் அது சட்டமல்ல. ஹரோ கிழக்கு எம்.பி. பாப் பிளாக்மன் கொண்டுவந்து 2018 ஏப்ரல் 3-ல் நடைமுறைக்கு வந்த வீடற்றோர் குறைப்புச் சட்டம் இதை மாற்றியது. 56 நாட்களுக்குள் வீடு போகும் நிலை என்றால் அதைத் தடுக்க உதவ வேண்டும். வீடு போய்விட்டால், இன்னொன்று கிடைக்க 56 நாட்கள் உதவ வேண்டும். குடிவரவு நிலைப்படி உதவி பெறத் தகுதி இருந்தால் போதும். இந்தக் கட்டத்தில் யார் தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. குழந்தைகளோ கர்ப்பமோ கடும் நோயோ இருந்தால் தற்காலிக இடமும் தர வேண்டும். 56 நாள் கழிந்த பிறகு, நிரந்தரத் தீர்வு வரை பொறுப்பேற்கும் முழுக் கடமை வருகிறபோதுதான் ‘வேண்டுமென்றே’ குறுக்கே நிற்கும். 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,69,000 குழந்தைகள். இந்த நெருக்கடியில் கடமையைக் குறைக்கும் எந்தப் பிரிவும் கவுன்சிலுக்கு ஆசை காட்டும்.

முடிவு கடிதமாக வரும், காரணங்கள் அதில் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். தேதியைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல வாதமும் சுவரில் மோதும். ‘மறுபரிசீலனை கேட்கிறேன், விவரம் பிறகு’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வழக்கறிஞரைத் தேடலாம். கவுன்சிலிடம் உள்ள உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பல கடிதங்களின் ஓட்டை அதில்தான் தெரியும். வாடகை பாக்கிதான் காரணம் என்றால், அந்த மாதங்களின் வரவு செலவை ஒரு பென்னி விடாமல் எழுதுங்கள். வெட்கப்பட்டுச் செலவைக் குறைத்துச் சொல்வது நம் வழக்கம். அப்படிச் சொன்னால், பணம் மிஞ்சியது, வாடகையைக் கட்டவில்லை என்றுதான் படிப்பார்கள். முதல் முடிவில் குறை இருந்தும் எதிராகவே தீர்க்க நினைத்தால், மறுபரிசீலனை அதிகாரி அதை முன்கூட்டித் தெரிவித்து, நேரிலோ எழுத்திலோ பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதிலும் தோற்றால் கவுண்டி கோர்ட். அதற்கும் 21 நாள், சட்டப் பிழையின் பேரில் மட்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த வழக்குகளுக்கு அரசுச் சட்ட உதவி உண்டு.

மறுபரிசீலனை நடக்கும்வரை தற்காலிக இடத்தில் இருக்க விடுவதா என்பது கவுன்சிலின் விருப்பம். வழக்கின் பலம், புதிய ஆதாரம், குடும்பத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 1997-ல் கேம்டன் வழக்கில் நீதிமன்றம் வரையறுத்தது. எனவே இதையும் தனியாக, எழுத்தில் கேட்க வேண்டும். முடிவு எதிராகவே நின்றாலும், குழந்தைகள் உள்ளவரையோ நோயாளியையோ மறுநாளே தெருவில் விட முடியாது. இன்னொரு வீடு தேட நியாயமான அவகாசத்துக்கு இருப்பிடமும் ஆலோசனையும் தரச் சொல்கிறது 190-ஆம் பிரிவு. அந்த அவகாசத்துக்குச் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. கவுன்சிலின் வசதியைப் பார்த்து அதைக் குறைக்கக் கூடாது, அந்தக் குடும்பத்தின் சூழலைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று 2006-ல் ரிச்மண்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கணவன் வாடகைப் பணத்தைச் சூதில் விட்டான், மனைவிக்குத் தெரியாது, அல்லது தெரிந்து தடுத்துப் பார்த்தாள் என்றால், அவள் தன் பெயரில் தனியாக விண்ணப்பிக்கலாம். அவன் செய்ததை அவள் தலையில் கட்டக் கூடாது. குழந்தைகளுக்கு இந்த வழி இல்லை. பெற்றோர் மேல் முத்திரை விழுந்த பிறகு, நான்கு வயதுச் சிறுவன் பெயரில் விண்ணப்பித்துப் பார்த்தார்கள். 1993-ல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. குழந்தை எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவு குழந்தைக்காக வாடகை முன்பணமோ இருப்பிடமோ தர முடியும். அங்கே சில சமயம் ‘குழந்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்தி அனுப்புவதுண்டு. பயந்து ஓடாமல், குழந்தையின் தேவை குறித்த மதிப்பீட்டை எழுத்தில் கேட்க வேண்டும்.

இதே தீவில் வேறு வழியும் நடக்கிறது. ஸ்காட்லாந்தில் 2019 நவம்பர் முதல், யார் தப்பு என்று துருவுவது கவுன்சிலின் கட்டாயம் அல்ல, விரும்பினால் மட்டும். வேல்ஸில் அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று கவுன்சில்களே தேர்ந்தெடுக்கலாம். அங்கே குழந்தைகள் உள்ள குடும்பம் ஒருமுறை ‘வேண்டுமென்றே’ என்ற பெயரெடுத்தாலும் பெரும்பாலும் வீடு பெற முடியும். அந்தப் பிரிவைத் தளர்த்தியதால் அங்கெல்லாம் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வரிசையில் நிற்க ஓடவில்லை. இங்கிலாந்தும் குழந்தைகளையாவது இந்தப் பிரிவிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இப்போது அதன் அவசரம் கூடுகிறது. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21-ஆம் பிரிவை, 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நீக்குகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இனி வீட்டுக்காரர் காரணம் காட்டியாக வேண்டும். மூன்று மாத வாடகை பாக்கி, கட்டாய வெளியேற்றக் காரணங்களில் ஒன்று. முன்பு ஓசையின்றி நோட்டீஸோடு முடிந்த வெளியேற்றங்கள் பல, இனி ‘வாடகை கட்டாதவர்’ என்ற பெயரோடு கவுன்சிலுக்கு வரும் என்று அஞ்சுகிறேன்.

எல்லா வழியும் அடைபட்டவருக்கும் முத்திரை ஆயுள் முழுக்க ஒட்டியிருப்பதில்லை. தனியார் வீடு ஒன்றில் நிலையாகக் குடியிருந்துவிட்டு, தன் தப்பில்லாமல் அதை இழந்தால் பழைய தொடர்பு அறுந்துபோகும். அப்போது கவுன்சில் பழைய கடிதத்தைக் காட்டி அனுப்ப முடியாது. அதே பழைய விவரங்களோடு மட்டும் வந்தால்தான் மறுக்கலாம். நிலைமை உண்மையில் மாறியிருந்தால் புது விண்ணப்பத்தை வாங்கி, முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். ஒப்பந்தம், வாடகை வங்கி வழியே போனதற்கான சான்று, வீட்டுக்காரரின் எழுத்து நோட்டீஸ் மூன்றும் அன்று கையில் இருக்க வேண்டும்.