கணிப்பொறியைத் தாமே அமைத்தலும் புதுக்குதலும்

கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் பலர். அதன் அகத்தே யாதுளதெனத் திறந்து கண்டோர் சிலரே. மேசைக் கணிப்பொறியோ திறந்து திருத்துதற்கு ஏற்ற அமைப்பினது. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் தம் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் அமைப்பு விவரங்களையும் நூலாக அச்சிட்டனர். அதனாற் பிறரும் அதற்கிசைந்த உறுப்புகளைச் செய்து விற்கலாயினர். 1995-இல் இன்டெல் கம்பெனியார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால், ஒருவர் செய்த பெட்டியில் மற்றொருவர் செய்த மதர்போர்டு பொருந்துவதாயிற்று.

உறுப்புகளைத் தெரிந்தெடுக்குங்கால் முதற்கண் நோக்கத்தக்கது பொருத்தமே. செயலிக்குரிய சாக்கெட்டு மதர்போர்டில் இருத்தல் வேண்டும். டி.டி.ஆர்.4 ராமுக்குரிய இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது, இரண்டிற்கும் வெட்டுவாய் வெவ்வேறிடத்தில் உளது. பவர் சப்ளையின் வாட் அளவு, எல்லா உறுப்புகளின் தேவைக்கும் சிறிது மிகுதியாயிருத்தல் நன்று.

பொருத்தப் புகுமுன், மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு இசைத்து வைக்கின் அது தானே அமரும்; அழுத்துதல் தீது. அதன்மேல் தெர்மல் பேஸ்ட் சிறிதிட்டு, வெப்பந்தணிக்கும் விசிறியைப் பூட்டுக. பவர் சப்ளையின் உட்புறத்தை மட்டும் ஒருபோதும் திறவற்க. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் ஆங்கு உயிர்க்கு ஊறு செய்யும் மின்னாற்றல் தங்கியிருத்தல் கூடும்.

இனிப் புதுக்குதலைக் கூறுவாம். பொறி தளர்வதன் காரணத்தை முதலில் ஆராய்க. ராம் போதாதாயின், பொறி ஹார்டு டிஸ்க்கை நினைவிடமாகக் கொண்டு தடுமாறும். அவ்வழி ராமைக் கூட்டுக. தட்டுச் சுழன்று முள் நகர்ந்து தேடும் ஹார்டு டிஸ்க்கே தடையாயின், அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை இடுக. செயலியையும் சிலவிடத்து மாற்றலாம்: 2017-இல் விற்பனைக்கு வந்த ஏ.எம்.4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸை முன்னர்ப் புதுக்கிக்கொண்டால், 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியும் இயங்கும்.

இவ்வறிவு இன்று மிகவும் வேண்டற்பாலது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொதுப் பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. டி.பி.எம். 2.0 முதலிய தகுதிகளில்லாத பொறிகள் விண்டோஸ் 11-க்கு ஏலாவென விலக்கப்பட்டன. எனினும் அவை பழுதுபட்டன அல்ல. எஸ்.எஸ்.டி.யும் ராமும் சேர்த்து, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவின், அவற்றுட் பல, புதியது வாங்கவியலா மாணவர்க்கு இன்னும் பல்லாண்டு பயன்படும்.

நண்பர்காள்! நம் கையிலுள்ள பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரே. உள்ளே இருப்பதை அறிந்தாலன்றோ, எதை மாற்றுவது, எதைக் காப்பது என்று தெளிதல் கூடும்? ஆதலின் பழையதை எறியுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பீராக.