புளியங்கொட்டையில் தாளம் படிப்போம்



சங்கீதம் படிப்பிக்க ஆர்மோனியம் வேண்டும், மிருதங்கம் வேண்டும், அது காசுள்ளவர்களின் கலை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாளத்தை எழுதவும் வாசிக்கவும் பழக்க ஒரு பிடி புளியங்கொட்டையும் கொஞ்ச மணலும் போதும். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சின்னப் பிள்ளைதான்.

2010 இல், மக்கள் மீளக்குடியேறிய ஒரு கிராமத்தின் முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். முதல் நாள் வெறும் பால்மாப் பேணியைத் தடியால் தட்டித் தாளம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இரண்டாவது தட்டுக்கே ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு வாங்கின் கீழே புகுந்துவிட்டான். அவனுக்கு எந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பேணியை அன்றே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

பிறகு மெதுவாகத் தொடையில் தட்டினோம். ஓர் அடிக்கு ஓர் எண் சொல்லி நடந்தோம். நான்கு எண்ணிக்கை உடம்பில் ஊறிய பின்புதான் எழுத்துக்கு வந்தோம். மணலில் வரிசையாக நான்கு கட்டங்கள் கீறினேன். கட்டத்தில் ஒரு கொட்டை இருந்தால் 'த' என்று ஒரு தட்டு. இரண்டு இருந்தால் அதே நேரத்துக்குள் 'தக'. மூன்று இருந்தால் 'தகிட'. நான்கு இருந்தால் 'தகதிமி'. கட்டம் வெறுமையாக இருந்தால் கை அசையாது. மனதுக்குள் மட்டும் எண்ண வேண்டும்.

அந்தச் சிறுவன் பல நாட்கள் தள்ளி இருந்து பார்த்தான். நான் வற்புறுத்தவில்லை. ஒருநாள் தானாக வந்து முதலாம், இரண்டாம், நான்காம் கட்டங்களில் கொட்டை வைத்தான். மூன்றாவதை வெறுமையாக விட்டான். மற்றப் பிள்ளைகள் வாசித்தார்கள். மூன்றாவது கட்டம் வந்ததும் எல்லோரும் ஒன்றாக மௌனமானார்கள். அவன் சிரித்துவிட்டான். "திரும்ப, ரீச்சர்" என்றான். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று தெரிந்திருந்ததால்தான் அவன் பயப்படவில்லை என நினைக்கிறேன்.

கட்டங்கள் பழகிவிட்டால் தாளக் குறியீடு கடினமில்லை. நேர்கோடு லகு. அதன் அருகே 4 என்று எழுதினால் ஒரு தட்டும், சின்ன விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கையும். வட்டம் திருதம், ஒரு தட்டும் ஒரு வீச்சும். ஒரு லகுவும் இரண்டு திருதமும் சேர்ந்தால் 4+2+2, மொத்தம் 8. அதுதான் ஆதி தாளம். திருதத்தை முன்னே வைத்து லகுவைப் பின்னே வைத்தால் 2+4, ரூபக தாளம். சுரம் எழுதும்போது 'ஸ' குறில், ஓர் எண். 'ஸா' நெடில், இரண்டு எண். மேலும் ஓர் எண் நீட்ட ஒரு காற்புள்ளி போடுவோம்.

தாய்மாரே, மாலையில் பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரு புதிய விடயம் மட்டும் சொல்லுங்கள். பிழைவிட்டால் ஏசாதீர்கள்; இன்னும் மெதுவாக எண்ணுங்கள். மிகச் சிறிய குழந்தைகளிடம் கொட்டையைக் கொடுக்க வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சிரட்டை கொடுங்கள். சத்தத்துக்குத் தொடர்ந்து அஞ்சும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். தாளம் அதற்கு மருந்தென்று நான் சொல்லவில்லை.

இன்று மாலையே முற்றத்தில் நான்கு கட்டம் கீறுங்கள். முதலில் பிள்ளை கொட்டையை வைக்கட்டும். நீங்கள் வாசியுங்கள்.