மலைப்பாதையைப் பதிவுசெய்ய எந்தக் கருவி?

ஆவடிப் பகுதி அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். விடுமுறைகளில் மலையேற்றம் செல்வேன். "நடந்த பாதையைப் பதிவுசெய்யக் கைபேசி போதாதா? தனியாக ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு.

முதலில் ஒன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் கருவியும் பாதுகாப்பு ஆகாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 வழித்தடங்களுடன் தொடங்கியது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று.

ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள் அலைகளைப் பெறுகிறது, எதையும் அனுப்புவதில்லை. 4 செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணக்கிடும். அலைபேசிக் கோபுரம் தேவையில்லை. கைபேசியும் இவ்வாறே செயல்படுகிறது. எனவே ஒருநாள் பயணத்துக்கு, வரைபடத்தை முன்பே பதிவிறக்கிய கைபேசியும் ஒரு பவர் பேங்கும் போதும். பல நாள் பயணம் என்றால் தனிக்கருவி நல்லது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

மின்கலம்: கடைகளில் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் இயங்குவது வசதி. கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு பேட்டரிகளில் சுமார் 25 மணி நேரம் இயங்கும் என்கிறது நிறுவனம்.

நீர் புகாமை: ஐபிஎக்ஸ்7 தரம் என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்.

திரை: வெயிலில் தெளிவாகத் தெரிய வேண்டும். மழையில் தொடுதிரையைவிடப் பொத்தான்களே கைகொடுக்கும்.

கோப்பு: பதிவை ஜிபிஎக்ஸ் வடிவில் எடுக்க முடிய வேண்டும். அப்போதுதான் பல கணினி வரைபடங்களில் எளிதாகத் திறக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

காட்டுக்குச் செல்லுமுன் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் ஒருமுறை பதிவுசெய்து பாருங்கள். மரநிழலிலும் கட்டடங்களின் அருகிலும் கோடு விலகுவது புரியும். அதே பதிவு வகுப்பறைக்கும் உதவும். அட்சரேகை 0.001 பாகை மாறினால் வடக்கு தெற்காகச் சுமார் 111 மீட்டர் நகர்ந்திருக்கிறோம் என்பதை மாணவர்கள் நடந்தே அறியலாம். தொலைவையும் நேரத்தையும் கொண்டு வேகம் கணக்கிடலாம்.

புறப்படுமுன் பாதையின் நகலையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். கருவி நாம் இருக்கும் இடத்தை நமக்குத்தான் சொல்லும். தேடி வருபவர்களுக்கு அந்தத் தாளே வழிகாட்டும்.