செயற்கைப் புல்லுக்கும் பராமரிப்பு வேண்டும்



ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் இருந்து கிழக்கே நகர்ந்து, ஒஷாவாவில் சொந்த வீடு வாங்கிய எம்மவர் பலருக்கு வீட்டுடன் சேர்ந்து வந்த வேலை புல்லு வெட்டுவது. இரண்டு வேலைக்கு ஓடுபவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. அழகுக்காகக் களைநாசினி அடிப்பதையும் ஒன்ராறியோ அரசு 2009 சித்திரை 22 முதல் தடைசெய்து விட்டது. இதனால் சிலர் பல ஆயிரம் டொலர் கொடுத்துச் செயற்கைப் புல் விரித்தார்கள். இரண்டு மூன்று பனிக்காலம் போனபின் பொருத்து விட்டுப்போச்சு, ஓரிடம் பதிந்துபோச்சு, மணக்குது, உருகிப்போச்சு என்ற முறைப்பாடுகள் வருகின்றன.

இவற்றில் அரைவாசிக்கு மேல் நாமே திருத்தக்கூடியவை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது தெரிவது மேலே. அதன் காரணம் இருப்பது பெரும்பாலும் கீழே, அல்லது பக்கத்தில். காரணத்தைத் திருத்தாமல் மேலே ஒட்டுப்போட்டால் அடுத்த வருடமும் அதே செலவுதான்.

இந்தப் புல் விளையாட்டு அரங்கில் பிறந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965 இல் திறந்த கூரை மூடிய அரங்கில், கூரைக் கண்ணாடிக்கு வர்ணம் பூசியதால் வெயில் குறைந்து இயற்கைப் புல் செத்தது. 1966 இல் செயற்கைப் புல் விரித்தார்கள். எங்கள் ரொறன்ரோ ஸ்கைடோமும் 1989 இல் செயற்கைப் புல்லுடன்தான் திறந்தது. அரங்குகளில் அதைக் கவனிக்க ஆட்கள் உண்டு. வீட்டில் நாம்தான் கவனிக்க வேண்டும்.

அடியில் என்ன இருக்கிறது?

நல்ல முறையில் விரித்த புல்லுக்குக் கீழே களைத்தடுப்புத் துணி, அதன்மேல் சுமார் 4 அங்குலம் இறுக்கிய சல்லி, அதன்மேல் ஓர் அங்குலம் கல்தூள் இருக்கும். புல்லின் இழைகளுக்கு இடையில் சிலிக்கா மணல் தூவியிருப்பார்கள். மணல்தான் இழையை நிமிர்த்தி, விரிப்பையும் நகராமல் பிடிக்கிறது. சல்லி குறைந்தால் தரை பதியும். மணல் குறைந்தால் புல் படுத்துவிடும்.

படுத்த புல்

தடித்த நைலோன் தும்புத்தடியால், இழை சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கூட்டுங்கள். இரும்பு றேக் வேண்டாம், அது இழையைப் பிடுங்கும். அப்படியும் நிமிராவிட்டால், மழையில்லாத நாளில் சிலிக்கா மணலைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தூவிக் கூட்டிவிடுங்கள். புதிதாக விரிக்கும்போது சதுர அடிக்கு 1 முதல் 2 இறாத்தல் போடுவது வழக்கம். பழைய புல்லுக்குக் குறைந்த அளவை மட்டும் நிரப்பினால் போதும்.

பதிந்த இடமும் விட்டுப்போன பொருத்தும்

இந்தப் பக்கத்துக் களிமண் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது உறையும்போது தரை எழும்பும், உருகும்போது இறங்கும். ஆகவே பங்குனி மாதத்தில் தெரியும் மேடு பள்ளத்தைக் கண்டு அவசரப்பட வேண்டாம். வைகாசி நடுப்பகுதி வரை பொறுங்கள். பல இடங்கள் தாமாகவே சமப்படும். சமப்படாவிட்டால், கூரைப் பீலியின் தண்ணீர் அந்த இடத்தில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் குழாயைத் திருப்பிவிடுங்கள். அதன்பின் ஓரத்து ஆணிகளைக் கழற்றி, விரிப்பைப் பிரட்டி, கல்தூள் போட்டு நனைத்து இறுக்கி, திரும்ப விரித்து ஆணி அடியுங்கள். நிலத்தைக் கிண்டுவதானால் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நிலத்தடிக் காஸ், மின்சார இணைப்புகளை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள்.

பொருத்து விட்டிருந்தால் வயதான அம்மா அப்பாவின் கால் தடக்கும், ஆகவே பிந்த வேண்டாம். இரு பக்கமும் தூக்கி, பழைய பசையையும் மணலையும் சுரண்டி, தரையைச் சமப்படுத்துங்கள். நடுவில் பொருத்து நாடாவை விரித்து, வெளிப்புறப் பாவனைக்கான செயற்கைப் புல் பசையைப் பூசி, பசையில் இழை சிக்காதபடி இரண்டு ஓரத்தையும் சேருங்கள். மேலே மண்மூட்டை வைத்து ஒரு நாள் விடுங்கள். ஈரத்திலும் குளிரிலும் பசை பிடிக்காது. கோடையில் காய்ந்த நாளாகத் தெரிவு செய்யுங்கள்.

உருகிய இடம்

பார்பிகியூ தணலும் பிள்ளைகளின் மத்தாப்பும் புல்லைச் சுடும் என்பது தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது யன்னல். புதிய வீடுகளின் இரட்டைக் கண்ணாடியில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு இருக்கும். கண்ணாடி சற்று உள்வளைந்தால், வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயே இந்த இழை உருகத் தொடங்கிவிடும். நெருப்பு எதுவும் படாத இடத்தில் இழை சுருண்டு மினுங்கினால், எந்த யன்னலின் ஒளி அங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த யன்னலுக்கு வெளிப்புறமாகப் பூச்சிவலை போடுவது நல்ல தீர்வு. அது பக்கத்து வீட்டு யன்னலானால் பக்குவமாகக் கதையுங்கள்.

உருகிய இழை மீளாது. அந்தத் துண்டைப் பின்பக்கத்தால் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவில், இழை அதே பக்கம் சாயும்படி வேறு துண்டை ஒட்ட வேண்டும். புதுத் துண்டு நிறத்தில் வேறாகத் தெரியும். அதனால் கொட்டிலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருந்து பழைய துண்டை வெட்டிப் போடுங்கள். புதியதை அந்த மூலையில் போடுங்கள். விரிக்கும்போது மிஞ்சும் துண்டுகளை எறிய வேண்டாம்.

மணம், பனி, வெயில்

நாய் வளர்ப்பவர்கள் தண்ணீரால் அடிக்கடி கழுவி, வெள்ளை வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். வினாகிரியுடன் பிளீச்சை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சுவாயு வரும். பனியைத் தானாக உருக விடுவதே நல்லது. அள்ளத்தான் வேண்டுமானால் பிளாஸ்ரிக் சவலால், ஓர் அங்குலம் விட்டு அள்ளுங்கள். உறைந்த இழை முறியும், ஆகவே ஐஸைக் கொத்த வேண்டாம். உப்புப் போட்டிருந்தால் வசந்தத்தில் நன்றாகக் கழுவுங்கள். கோடை மதியத்தில் இந்தப் புல் 60 பாகையைத் தாண்டிச் சுடக்கூடும். குழந்தையை வெறுங்காலுடன் விடமுன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

ஆளைப் பிடித்துத் திருத்துவதானால், அடித்தளத்தைத் திறந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால், உங்கள் சம்மதமின்றி அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி அறவிட ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

இந்தச் சனி ஞாயிறில் வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து, பொருத்துகளைக் காலால் தடவிப் பாருங்கள். சிறிய வெடிப்பைச் சிறிய செலவில் அடைத்துவிடலாம்.