கவனம் ஓர் அமானிதம்





குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து ஆளுக்கொரு பாடத்தை உரத்து ஓதிக் கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து கேட்போருக்கு அது வெறும் இரைச்சல். ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தைத் தவறாமல் ஓதும். இத்தனைக்கும் நடுவே, மறுமூலையில் ஒரு மாணவன் விட்ட பிழையை உஸ்தாத் பெயர் சொல்லித் திருத்துவார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? புலன்களை வந்தடையும் எண்ணற்ற செய்திகளுள் சிலவற்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை உள்ளம் ஒதுக்கி விடுகிறது. உளவியலாளர்கள் இதனைத் தெரிவுக் கவனம் என்பர்.

கொலின் செரி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1953ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தார். ஹெட்போன் மூலம் ஒருவரின் இரு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சுக்களை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றக் காதில் ஆண்குரல் பெண்குரலாக மாறியதை அவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் என்ன பேசப்பட்டது என்பதை அவர்களால் கூற முடியவில்லை. ஆங்கிலப் பேச்சு ஜேர்மன் மொழிக்கு மாறியதைக்கூடப் பலர் அறியவில்லை. 1959இல் நெவில் மொறே என்பவர், கவனிக்கப்படாத காதில் கேட்பவரின் பெயரையே ஒலிக்கச் செய்தார். ஏறத்தாழ மூவரில் ஒருவர் அதனை உணர்ந்து கொண்டார்.

டொனால்ட் புரோட்பென்ட் என்பவர் 1958இல், கவனம் ஒரு வடிகட்டியைப் போன்றது என்று விளக்கினார். பின்னர் வந்த ஆன் திரெய்ஸ்மன், அவ்வடிகட்டி ஏனைய ஓசைகளை முற்றாக அடைப்பதில்லை, வானொலியின் ஒலியைக் குறைப்பது போல் குறைத்து வைக்கிறது என்றார். அதனாற்றான் நம் பெயர் போன்ற முக்கியமான சொற்கள் சில வேளைகளில் உள்ளே நுழைந்து விடுகின்றன.

கண்ணின் நிலையும் இதுவே. 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்னும் இருவர் ஒரு பந்து விளையாட்டுக் காட்சியைக் காண்பித்து, வெள்ளை உடையணிந்தோர் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றினர் என எண்ணச் சொன்னார்கள். காட்சியின் நடுவே கொரில்லா வேடமணிந்த ஒருவர் வந்து, மார்பில் தட்டிவிட்டுச் சென்றார். பார்த்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதனைக் காணவேயில்லை!

"ஒரே வேளையில் நூறு விடயங்களைக் கவனித்தவர்கள் தமிழில் இருந்தார்களே" என நீங்கள் கேட்கலாம். ஆம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் திகதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நம் சமூகம் பெருமை கொள்ளத்தக்க இப்புலவருக்கு இந்திய அரசு 2008இல் முத்திரை வெளியிட்டது. நம் வீதியோரப் பலகைகளில் எழுதப்படும் 'அவதானம்' என்ற சொல்லே இக்கலைக்கும் பெயராயிற்று.

அவதான அரங்கில் ஒருவர் பாடலுக்கு ஈற்றடி கொடுப்பார்; ஒருவர் கணக்குக் கேட்பார்; வேறொருவர் முதுகில் சிறு கற்களை எறிந்து கொண்டிருப்பார். அவதானி இடையிடையே ஒவ்வொருவருக்கும் விடையளித்து, இறுதியில் கற்களின் தொகையையும் கூறுவார். உளவியல் நோக்கில், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மிக விரைவாக மாற்றி, விட்ட இடத்தை நினைவில் நிறுத்திக் கொள்ளும் நெடுநாட் பயிற்சியே அவரது வெற்றிக்குக் காரணம். பயிற்சியற்ற நம்மைப் போன்றோர் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தை இழக்கிறோம், பிழையும் விடுகிறோம்.

இளைஞனே! அரங்கில் அமர்ந்த அவதானி தவறினால் ஒரு செய்யுள் மாத்திரமே பிழைக்கும். நீ கைத்தொலைபேசியைத் தோளுக்கும் தலைக்கவசத்துக்கும் இடையே செருகிக் கொண்டு கல்முனை - அக்கரைப்பற்று வீதியில் மோட்டார் சைக்கிளில் செல்கிறாயே, நீ தவறினால் இழக்கப்படுவது என்ன? சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என ஊர்களின் நடுவே செல்லும் அவ்வீதியைச் சிறு பிள்ளைகள் கடக்கிறார்கள் அல்லவா?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர், ஜோன்ஸ்டன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசியில் உரையாடியவாறு வாகனமோட்டும் பாவனைப் பயிற்சியில் ஈடுபட்டோர் இரு மடங்கு சமிக்ஞைகளைத் தவறவிட்டனர். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் பேசியோரும் அவ்வாறே தவறவிட்டனர். ஆனால் வானொலி கேட்டோரிடம் அக்குறை தென்படவில்லை. எனவே குற்றம் கையில் மாத்திரம் இல்லை. உரையாடல் உள்ளத்தையே இழுத்துக் கொள்கிறது. கண் வீதியை நோக்கியிருந்தும் முன்னால் வரும் பிள்ளை தெரியாமற் போகலாம்.

பெற்றோர்களே! "பத்துத் தடவை கூப்பிட்டேன், காதில் விழவில்லையா?" எனப் பிள்ளையைக் கடிந்து கொள்கிறோம். கடினமான காட்சிப் பணியில் கண் மூழ்கியிருக்கும் போது ஓசைக்கு மூளை காட்டும் பதிலே குறைந்து விடுவதை, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே அடுப்படியிலிருந்து சத்தமிடுவதை விட்டு, அருகே சென்று தோளைத் தொட்டு, பிள்ளை நிமிர்ந்து பார்த்த பின் பேசுங்கள். பாடசாலையில் நடந்ததை மகள் சொல்ல வரும் போது திரையைப் பார்த்தவாறே "ம்" கொட்டும் வாப்பாவுக்கும் இது பொருந்தும். அவளது சொல் அவர் செவியில் விழுந்திருக்கும், உள்ளத்தைச் சேர்ந்திராது. சில காலம் சொல்லிப் பார்த்து, பின்னர் அவள் சொல்வதையே நிறுத்தி விடுவாள்.

இதற்கு வழி என்ன? அன்னை ஆயிஷா (ரழியல்லாஹு அன்ஹா) அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் வேலைப்பாடுடைய ஒரு மேலாடையை அணிந்து தொழுதார்கள். அதன் கோலங்கள் அவர்களது பார்வையை ஈர்த்தன. தொழுகை முடிந்ததும் அதனை அபூ ஜஹ்ம் என்ற தோழரிடம் கொடுத்து, அவரது வேலைப்பாடற்ற ஆடையைப் பெற்று வருமாறு கூறினார்கள். கவனத்தைக் கலைக்கும் பொருளையே அப்புறப்படுத்திய அம்முன்மாதிரி நமக்குப் போதுமானது.

படிக்கும் வேளையில் கைத்தொலைபேசி உம்மாவிடம் இருக்கட்டும். வண்டியில் ஏறுமுன் அதனை நிறுத்தி வையுங்கள்; அவசர அழைப்பாயின் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். இரவுச் சாப்பாட்டு வேளையில் வீட்டார் அனைவரும் அதனை ஒதுக்கி வையுங்கள்.

கண்ணும் செவியும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். அவற்றை வழிநடத்தும் கவனமும் அவ்வாறே. அது யாருக்கு, எதற்கு, எவ்வேளையில் உரியதோ அங்கே அதனை ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.