ஒரு வரி விட்டுப்போச்சு, சார்!

பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் தப்பாக எழுதினால் டிரயல் பேலன்ஸ் காட்டிக் கொடுத்துவிடும். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடவேண்டியதுதான். ஆனால், ஒரு வரவு செலவை இரண்டு பக்கமும் எழுதாமல் அடியோடு விட்டுவிட்டால்? ஒன்றுமே ஆகாது! பற்றும் வரவும் ஜோராக டாலி ஆகும். ஆடிட்டர் காபி குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். 'எரர் ஆஃப் ஒமிஷன்' என்று பெயர். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.

அந்த ஐந்து மார்க் சமாசாரம் ஒரு சிப்பாயின் சர்வீஸ் ரெகார்டில் நடந்தால்?

பனியில் நின்றிருப்பார். குண்டுச் சத்தம் கேட்டிருப்பார். பக்கத்தில் இருந்தவன் விழுந்ததைப் பார்த்திருப்பார். ஆனால், எங்கோ ஓர் ஆபீஸில், யாரோ ஒரு கிளார்க் ஒரு வரி எழுத மறந்ததால் அவர் அங்கே போகவே இல்லை. ரெகார்டு அப்படித்தான் சொல்கிறது. ரெகார்டு பொய் சொல்லுமா, சார்?

ஆரம்பாக்கம் தெரியுமில்லையா? கல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் எல்லாம் தாண்டி, தமிழ்நாடு நமக்கு டாட்டா காட்டுகிற இடம். அடுத்தது தடா, ஆந்திரா. பேரில் ஆரம்பம், மேப்பில் முடிவு! இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள் நிறைய. அவர்களில் ஒருத்தர், ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. ராணுவத்தில் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் 'மிலிட்டரி சார்'. கணக்கு வேலையாக அந்தக் கம்பெனிக்கு நான் மாதம் இரண்டு தடவை போவேன். ஒவ்வொரு தடவையும் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். தயிர் சாதத்தில் வெடிகுண்டு வைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "ரூல்னா ரூல்தான் தம்பி" என்றார்.

ஒருநாள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புத்தகத்தை நீட்டினார். டிஸ்சார்ஜ் புக். எந்த வருஷம் சேர்ந்தார், எங்கெங்கே இருந்தார், என்னென்ன பதக்கம் வாங்கினார் என்று ஒரு ராணுவ வீரரின் ஜாதகமே அதில் இருக்கும்.

"நல்லாப் பாருங்க தம்பி. 99-ல நான் கார்கில் பக்கம் இருந்தேன். மெடல் போட்டிருக்காங்க. ஸ்டார் இல்ல."

எனக்குப் புரியவில்லை. மெடலும் ஸ்டாரும் ஒன்றுதானே? இல்லையாம். 1965 சண்டைக்கு 'சமர் சேவா ஸ்டார்', 'ரக்ஷா மெடல்' என்று இரண்டு. 1971-க்குக் கிழக்குப் பக்கம் 'பூர்வி ஸ்டார்', மேற்குப் பக்கம் 'பஸ்சிமி ஸ்டார்', அதோடு 'சங்ராம் மெடல்'. கார்கிலுக்கு 'ஆபரேஷன் விஜய் ஸ்டார்', 'ஆபரேஷன் விஜய் மெடல்'. சுருக்கமாகச் சொன்னால், சண்டைக்காக அணிதிரட்டப்பட்டவர்களுக்கு மெடல். சண்டை நடந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கு ஸ்டார். கல்யாணத்துக்கு வந்தவருக்கும் தாலி கட்டியவருக்கும் உள்ள வித்தியாசம்!

"இதுக்கு எவ்வளவு பணம் சார் வரும்?" என்று கேட்டான் பக்கத்தில் நின்ற கான்டீன் பையன்.

நியாயமான கேள்விதான். பதில்: ஒரு பைசா வராது. பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரி வீரச் செயலுக்கான விருதுகளுக்கு மாதப்படி உண்டு. இந்த ஸ்டாருக்கும் மெடலுக்கும் அதெல்லாம் கிடையாது. ஒரு துண்டு உலோகம், ஒரு ரிப்பன், விளிம்பில் நம்பரும் பேரும். அவ்வளவுதான்.

"அப்படின்னா கடையில வாங்கி மாட்டிக்கலாமே?" என்றேன். டூப்ளிகேட் பதக்கம் யூனிபாரம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அசல் வந்துசேர வருஷக்கணக்கில் ஆன காலத்தில், சர்வீஸில் இருந்தவர்களே கடையில் வாங்கி மாட்டிக்கொண்டது சகஜம்.

மிலிட்டரி சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"புக்குல இருக்கிறவன் கடையில வாங்கினா அது அவசரம் தம்பி. புக்குல இல்லாதவன் வாங்கினா அது திருட்டு."

டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறவர் வேறெப்படிப் பேசுவார்!

★ ★ ★

சரி, ஒரு வரி எப்படி விட்டுப்போகிறது?

ஒரு ஜவான் லீவில் போனால், மாற்றலானால், கல்யாணம் செய்துகொண்டால், குழந்தை பிறந்தால், பதக்கத்துக்குத் தகுதி பெற்றால் எல்லாவற்றையும் அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று எழுதி அனுப்ப வேண்டும். அது போய்ச்சேரும் இடம் ரெகார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரில். பீரங்கிப் படைக்கு நாசிக்கில், சிக்னல்ஸ்காரர்களுக்கு ஜபல்பூரில். நாம் வவுச்சர் எழுதி ஹெட் ஆபீஸுக்கு அனுப்புகிறோமே, அதே கதைதான். வவுச்சர் போகாவிட்டால் லெட்ஜரில் ஏறாது.

மிலிட்டரி சார் விஷயத்தில் நடந்தது இது. அந்தச் சமயத்தில் அவரைத் தற்காலிகமாக வேறொரு யூனிட்டில் 'அட்டாச்' செய்திருந்தார்கள். பட்டியல் தயாரானபோது, 'அவர் நம்ம ஆளில்லையே' என்று இந்த யூனிட் விட்டுவிட்டது. 'அவர்தான் இங்கே இல்லையே' என்று சொந்த யூனிட் விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் டாலி! நடுவில் ஒரு மனுஷன் காணாமல் போய்விட்டார்.

சர்வீஸில் இருந்தபோதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாராம். "ஆயேகா, ஆயேகா" என்றார்களாம். வரும், வரும் என்று அர்த்தம். பென்ஷன் வந்தது, முழங்கால் வலி வந்தது, பேரன் வந்தான். ஸ்டார்தான் வரவில்லை.

★ ★ ★

சாதாரண ஹவில்தாருக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒரு பிரிகேடியருக்கே நடந்தது.

1999 கார்கில் போரில் படாலிக் என்ற பெயர் ஞாபகமிருக்கும். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் உயிரைக் கொடுத்தது அந்த மலைகளில்தான். பிகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். மே மாதக் கடைசியில் நடந்த சண்டையில் அவர் விழுந்தார். உடலை மீட்பதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

அந்தப் படாலிக் பகுதியில் சண்டையிட்ட 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். போர் முடிந்தது, ஜெயித்தாயிற்று. யார் என்ன செய்தார்கள் என்று ராணுவம் ஓர் அறிக்கை எழுதியது. படித்துப் பார்த்த பிரிகேடியருக்கு அதிர்ச்சி. தன் தலைமையில் நடந்த சண்டையின் பெருமையை வேறோர் அதிகாரியின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது அவருடைய புகார். எங்கள் பாடத்தில் இதற்கும் பேர் உண்டு: 'எரர் ஆஃப் கமிஷன்'. ராமசாமி கட்டிய பணத்தைக் கிருஷ்ணசாமி கணக்கில் ஏற்றுவது. இதிலும் டிரயல் பேலன்ஸ் கச்சிதமாக டாலி ஆகும்!

மகாவீர் சக்ராவுக்குச் சிபாரிசு செய்யப்பட்டவருக்குக் கடைசியில் கிடைத்தது விசிஷ்ட சேவா மெடல். மேஜர் ஜெனரல் பதவி உயர்வும் வரவில்லை. மனிதர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். வழக்கு டெல்லி ஹைகோர்ட்டிலிருந்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு மாறியது. 2010 மே மாதம் தீர்ப்பு. அப்போது கோர் கமாண்டராக இருந்த லெப்டினென்ட் ஜெனரல் கிஷன் பால் பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று சொன்ன தீர்ப்பாயம், போர் அறிக்கையில் அந்தப் பகுதியைத் திருத்தச் சொன்னது.

போர் நடந்தது இரண்டரை மாதம். அதைச் சரியாக எழுதச்சொல்லி ஒரு தீர்ப்பு வாங்குவதற்கு ஆனது பதினோரு வருஷம்!

இதில் ஒரு பிரிகேடியரின் மனத்தாங்கல் மட்டும் இல்லை. நாளைக்குப் போர்ச் சரித்திரம் எழுதுகிறவர் எதைப் பார்த்து எழுதுவார்? இந்த ரெகார்டைப் பார்த்துத்தானே? லெட்ஜரில் தப்பிருந்தால் பேலன்ஸ் ஷீட்டே தப்பு.

★ ★ ★

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?

அமெரிக்காவில் 1946 வரை ஒரு சிப்பாயின் ரெகார்டைத் திருத்த வேண்டுமானால், சமயத்தில் அவர் ஒருத்தருக்காக நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கூட்டம் தாங்காமல் அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டு, இதற்கென்றே தனி போர்டு அமைக்க வழி செய்தார்கள். பிரிட்டனில், இரண்டாம் உலகப் போரில் உறைபனிக் கடலில் ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல் ஓட்டியவர்களுக்கு 'ஆர்க்டிக் ஸ்டார்' கிடைத்தது 2013-ல். போர் முடிந்து 68 வருஷம் கழித்து! வாங்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ரெகார்டு ஆபீஸ் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை ஃபைல்கள் சாம்பல். காப்பி கிடையாது. அப்புறம் என்ன செய்தார்கள்? சம்பள வவுச்சர்களைத் தேடிப்பிடித்து, 'இவர் சர்வீஸில் இருந்தார்' என்று ஒவ்வொருவருக்கும் மறுபடி ரெகார்டு கட்டினார்கள். அக்கவுன்ட்ஸ்காரனை யாரும் இனிமேல் கேலி செய்யாதீர்கள்!

அந்தக் கதையைச் சொன்னதும் மிலிட்டரி சார் முகத்தில் பல்பு எரிந்தது. மறுநாள் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். 1999-ல் அவர் வாங்கிய ஃபீல்டு அலவன்ஸ் அதில் இருந்தது. கூடவே, மடிப்பில் கிழிந்துபோன ஒரு மூவ்மென்ட் ஆர்டர். பார்க்க ஜெராக்ஸ் கடைக்காரரே பயந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ரெகார்டு ஆபீஸுக்கு லெட்டர் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. ஸ்பீடு போஸ்ட் ரசீது மட்டும் டிஸ்சார்ஜ் புக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

★ ★ ★

வழி ஒன்றும் பிரம்ம ரகசியமில்லை. ஆர்மி நம்பர், பதவி, யூனிட், எந்தத் தேதியிலிருந்து எதுவரை எங்கே இருந்தார், எந்தப் பதக்கம் விட்டுப்போனது... இவற்றைத் தெளிவாக எழுதி, ஆதாரத்தின் நகலோடு அவரவர் ரெகார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அசலை அனுப்பக் கூடாது. திருவள்ளூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, மற்ற மாவட்டக்காரர்கள் அவரவர் ஊரில் விசாரிக்கலாம். பதில் வராவிட்டால், 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. 'முடியாது' என்று எழுத்தில் பதில் வந்தால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. இறுதி பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். வீர் சக்ரா போன்ற விருதுகள் சிபாரிசின் பேரில் வருபவை. கேட்டு வாங்க முடியாது. போர்முனையில் இருந்ததற்கான ஸ்டாரும் மெடலும் அப்படியில்லை. தகுதி இருந்தால் அது பாக்கி. பாக்கியைக் கேட்பதில் என்ன வெட்கம்?

2009 பிப்ரவரியில், 'ஒன் ராங்க் ஒன் பென்ஷன்' கேட்டு முன்னாள் ராணுவத்தினர் ஆயிரக்கணக்கான பதக்கங்களை ஜனாதிபதிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து வாங்கியதைக் கோபத்தில் திருப்பிக் கொடுப்பதற்குக்கூட, முதலில் அது கையில் வந்திருக்க வேண்டும், இல்லையா?

உங்கள் ஆபீஸ் வாசலிலும் ஒரு மிலிட்டரி சார் இருக்கலாம். உங்கள் தெருவில், உங்கள் பெரியப்பாவாக, மாமாவாக இருக்கலாம். அவர்களுக்கு மலை ஏறத் தெரியும், துப்பாக்கி பிடிக்கத் தெரியும். 'பொருள்', 'பார்வை', 'இணைப்பு' என்று போட்டு ஒரு லெட்டர் எழுதத்தான் கை நடுங்கும். நமக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதானே, சார்? இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "உங்க டிஸ்சார்ஜ் புக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஒரு வரி விட்டுப்போயிருந்தால், அந்த லெட்டரை நீங்கள் எழுதுங்கள்.