பூவிருந்தவல்லி காட்டிய வழி

திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்து, அதன் மலர்களை நாள்தோறும் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குச் சுமந்து சென்றவர் திருக்கச்சி நம்பிகள். ராமாநுஜருக்கு வரதனிடம் ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்த அம்மகானின் தொண்டு, மண்ணைக் கொத்துவதில் தொடங்கியது.

அத்தொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த சிறு முற்றத்திலும் இயலும். வெயில் படும் இடத்தில், நீர் தேங்காதபடி மண்ணைச் சற்று உயர்த்தி, மட்கிய தொழுவுரம் இட்டுப் பாத்தி அமைக்க வேண்டும். உயர்ந்து வளரும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பின்வரிசையில் நிற்கட்டும். மல்லிகையும் துளசியும் முன்வரிசையில் அமையட்டும். மல்லிகையை மார்கழியில் கவாத்து செய்தால் பங்குனியில் பூக்கத் தொடங்கும். இலைகளில் படியும் புழுதியைக் காலையில் நீர் தெளித்துக் கழுவ வேண்டும். குனிய இயலாத முதியோருக்கு இடுப்பளவு மேடையில் நான்கு தொட்டிகளே போதும்.

பறித்த பூவை முகராமல், தரையில் வைக்காமல் பூக்குடலையில் இடுவது முன்னோர் வழக்கம். நம்பிகள் காஞ்சி வரை சுமந்தார். நாம் பூஜையறை வரை சுமந்தால் போதும்.